இனிக்காத சர்க்கரை: சோறு, கருப்பட்டி, கடல்பாசி, நண்டு ஓடு

“சீனியைத்தான் நிறுத்தணும், கருப்பட்டி எவ்வளவு வேணும்னாலும் சேத்துக்கலாம்.” சாயல்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை எந்த டீக்கடையிலும் இந்தப் பேச்சு காதில் விழும். “சோறு இனிக்கவா செய்யுது, அதுல ஏது சர்க்கரை?” என்று அடுத்த பெஞ்சிலிருந்து ஒருவர் சொல்வார். இரண்டுமே தவறு. நாக்கில் இனித்தால் சர்க்கரை, இனிக்காவிட்டால் சர்க்கரை இல்லை என்று நினைப்பதால் வரும் தவறு.

சோற்றிலுள்ள மாவுச்சத்து, பனைமட்டையின் நார், நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி, நண்டின் ஓடு இவை எல்லாவற்றுக்கும் மூலச்சரக்கு ஏதோ ஒரு சர்க்கரைதான். அது எந்தச் சர்க்கரை, எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒன்று சாப்பாடாகிறது, ஒன்று கயிறாகிறது, ஒன்று ஓடாகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது அவசியம். அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கு அதைவிட அவசியம்.

கார்பன் இல்லாமல் உயிர்ப்பொருள் இல்லை

அணுக்கள் பிணைந்து ஒரே தொகுதியாக நிற்பது மூலக்கூறு. தண்ணீரின் மூலக்கூறில் மூன்றே அணுக்கள்: ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. உயிருள்ளவற்றில் காணப்படும் மூலக்கூறுகளில் பல, ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்டவை. அவ்வளவு பெரிதாகக் கட்ட கார்பன் வேண்டும். ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளும். இன்னொரு கார்பனோடும் உறுதியாகச் சேரும். அதனால் கார்பன் நீளச் சங்கிலியாகவும் வளையமாகவும் கிளைவிட்டும் அமைய முடிகிறது.

கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்த கட்டமைப்பின்மேல் எழும் பொருள்களைக் கரிமச் சேர்மங்கள் என்கிறோம். சர்க்கரை, எண்ணெய், புரதம் எல்லாம் இதில் அடங்கும். உப்பளத்து உப்பு அடங்காது, அதில் கார்பனே கிடையாது. கரிமச் சேர்மத்தை உருவாக்க உயிரின் துணை கட்டாயம் வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-ல் ஃபிரெடரிக் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சிறுநீரில் உள்ள யூரியாவை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய பிறகு அந்த நம்பிக்கை தளர்ந்தது. மூலக்கூறு எங்கிருந்து வந்தது என்பது அதன் குணத்தை மாற்றாது. பனங்கற்கண்டில் உள்ள சுக்ரோஸும் கரும்புச் சீனியில் உள்ள சுக்ரோஸும் அணுவுக்கு அணு ஒன்றே.

காற்றும் தண்ணீரும் சேர்ந்து சர்க்கரை

பனைமரம் தன் உடம்பை மண்ணைத் தின்று வளர்க்கவில்லை. ஓலையின் பச்சையம் வெயிலைப் பிடித்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் வேர் உறிஞ்சிய தண்ணீரையும் சேர்த்துக் குளுக்கோஸ் என்ற சர்க்கரையைத் தயாரிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஆறு மூலக்கூறு, தண்ணீர் ஆறு மூலக்கூறு உள்ளே போனால் ஒரு குளுக்கோஸும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறும் வெளியே வரும். மரத்தின் காய்ந்த எடையில் பெரும்பகுதி இப்படிக் காற்றிலிருந்து இறங்கியதுதான்.

ஒரு குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருக்கும் அதே இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் நிற்கின்றன. இப்படிப்பட்ட சர்க்கரைகளும், அவற்றைக் கோத்து உண்டான பொருள்களுமே கார்போஹைட்ரேட்.

பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ், பாலின் சர்க்கரையில் ஒரு பாதியான காலக்டோஸ் ஆகிய இரண்டுக்கும் இதே எண்ணிக்கைதான். அணுக்கள் அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. அதற்கே இனிப்பின் அளவும் உடம்பு அவற்றைக் கையாளும் வழியும் மாறிவிடுகின்றன. இதற்குமேல் உடைத்தால் சர்க்கரையாகவே இராது என்ற நிலையில் உள்ள இவற்றை ஒற்றைச் சர்க்கரைகள் என்பார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: கரிமச் சேர்மங்களில் ஒரு வகை கார்போஹைட்ரேட். அதன் கடைசி அலகு ஒற்றைச் சர்க்கரை. இனி அந்த அலகுகளைக் கோக்கும் விதத்தைப் பார்ப்போம்.

இரண்டு சேர்ந்தால் சுக்ரோஸ்: பதநீர்க் கலயத்தில் நடப்பது

ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் பிணைந்தால் சுக்ரோஸ். இதை இரட்டைச் சர்க்கரை என்பார்கள். பிணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போகும். எடையை வைத்துச் சரிபார்க்கலாம். குளுக்கோஸ் 180, ஃபிரக்டோஸ் 180, கழன்ற தண்ணீர் 18. மிச்சம் 342, அதுவே சுக்ரோஸின் மூலக்கூறு எடை. பிரிக்கும்போது அதே தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் புகுந்து பிணைப்பை அறுக்கும் இந்த வினைக்கு நீராற்பகுப்பு என்று பெயர். தண்ணீர் மட்டும் இதை மிக மிக மெதுவாகத்தான் செய்யும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். நொதி இருந்தால் இன்னும் வேகம். நொதி என்பது உயிரணுக்கள் உண்டாக்கும் ஒரு புரதம். குறிப்பிட்ட ஒரு வினையை மட்டும் விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும்.

பதநீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்குச் சற்று மேல், சுக்ரோஸ் இருக்கும். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிய நேரத்திலிருந்தே காற்றிலுள்ள ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் விழத் தொடங்குகின்றன. ஈஸ்ட் ஒரு நொதியை வெளியிட்டு சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும். பிறகு அவற்றை உண்டு சாராயமும் (எத்தனால்) கார்பன் டை ஆக்சைடும் ஆக்கும். கள்ளில் பொங்கும் நுரை அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். 180 கிராம் குளுக்கோஸ் முழுக்கப் புளித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும் என்பது கணக்கு.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது இதைத் தடுக்கத்தான். சுண்ணாம்பு பதநீரைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. அங்கே ஈஸ்டும் பாக்டீரியாவும் எளிதில் பெருகுவதில்லை. கூடவே, புளிப்பு ஏறினால் நடக்கும் நீராற்பகுப்பும் நின்றுவிடுகிறது. ஒரு பூச்சு, இரண்டு காவல். பனையேறிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இந்த நுட்பத்தில் வேதியியல் பாடப்புத்தகம் திருத்தச் சொல்ல எதுவும் இல்லை.

சுண்ணாம்பு போதாவிட்டால் என்ன ஆகும் என்பது தாச்சியில் காய்ச்சும்போது தெரியும். பாகு பதத்துக்கு வந்த மாதிரி இருக்கும், சிரட்டையில் ஊற்றினால் இறுகாது. சுக்ரோஸின் ஒரு பகுதி ஏற்கனவே குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரிந்து, மிச்ச சுக்ரோஸ் படிகமாவதைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட கருப்பட்டியை வாங்கி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவுக்குள்ளேயே கசிந்து ஒட்டும். ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தைப் பலமாக இழுக்கும் சரக்கு, கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. காற்றுப் புகாத டப்பாதான் இதற்கு வழி. சுண்ணாம்பு அதிகமானாலும் கேடுதான். சூட்டில் காரம் அந்த ஒற்றைச் சர்க்கரைகளைச் சிதைத்துக் கருநிறப் பொருள்களாக்கும், சுவையும் போய்விடும். கருப்பாக இருப்பதே நல்ல கருப்பட்டிக்கு அடையாளம் என்பது சரியல்ல.

லிட்டருக்கு 120 கிராம் சுக்ரோஸ் உள்ள நல்ல பதநீர் என்று வைத்துக்கொண்டால் 8 லிட்டரில் 960 கிராம் இருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதை ஓட்டத்தான் அவ்வளவு விறகும் அவ்வளவு நேரமும். காய்ச்சி முடித்த கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், கொஞ்சம் ஒற்றைச் சர்க்கரைகள், கொஞ்சம் தாது உப்புகள், கொஞ்சம் ஈரம். வாசனையும் தாதுக்களும் சீனியில் இல்லாதவை, உண்மை. ஆனால் ரத்தத்துக்குப் போய்ச்சேரும் சர்க்கரைக் கணக்கில் கருப்பட்டி சீனிக்கு அருகிலேயே நிற்கிறது.

நூற்றுக்கணக்கில் கோத்தால்: மாவும் நாரும்

ராமேஸ்வரம் கடைகளில் தொங்கும் சிப்பி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுச் சிப்பிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி நெருக்கிக் கோத்தால், ஒவ்வொரு சிப்பியின் வளைவும் சேர்ந்து மாலை சுருண்டு கொள்ளும். ஒரு சிப்பி நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும் மாற்றி மாற்றிக் கோத்தால் வளைவுகள் ஒன்றையொன்று ஈடுகட்டி மாலை நேராக நிற்கும். நேரான மாலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இடைவெளி இல்லாமல் படியும்.

குளுக்கோஸிலும் இதே வேறுபாடுதான். ஒரே பக்கம் பார்க்கும்படி நிற்கும் பிணைப்புக்கு ஆல்ஃபா பிணைப்பு என்று பெயர். அப்படிக் கோத்த சங்கிலி சுருண்டுவிடும், அதுவே மாவுச்சத்து. மாற்றி மாற்றிப் புரளும்படி கோப்பது பீட்டா பிணைப்பு. அந்தச் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகி நாராகும். அது செல்லுலோஸ். பனைநார், பருத்தி நூல், காகிதம் எல்லாம் பெரும்பாலும் செல்லுலோஸ்தான். இப்படி நீளக் கோத்த கார்போஹைட்ரேட்டுகளுக்குப் பொதுப்பெயர் கூட்டுச் சர்க்கரை.

சோற்றுக்கும் பனைநாருக்கும் அலகு ஒரே குளுக்கோஸ். சோறு செரிக்கிறது, நார் செரிப்பதில்லை. நம் எச்சிலிலும் கணையத்திலும் சுரக்கும் அமைலேஸ் என்ற நொதிக்கு ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே அறுக்கத் தெரியும். செல்லுலோஸின் பீட்டா பிணைப்பை அறுக்கும் நொதி மனித உடம்பில் சுரப்பதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடத் தாமாக அந்த நொதி கிடையாது. இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றுக்காக அறுத்துக் கொடுக்கின்றன. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியாவும் (கடற்பசு) தன் குடலில் உள்ள நுண்ணுயிர்களை நம்பித்தான் அதைச் செரிக்கிறது.

ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிப்புத் தட்டும். எச்சில் அமைலேஸ் மாவுச்சங்கிலியைச் சிறு சர்க்கரைகளாக வெட்டியிருக்கிறது. “சோத்துல ஏது சர்க்கரை” என்பவருக்கு இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

வடித்த சோறு ஆறும்போது சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குக்குள் நொதி எளிதில் நுழைய முடியாது. பழைய சோற்றில் செரிக்காத பங்கு சற்றுக் கூடுவதற்குக் காரணம் இதுதான். பங்கு சற்றே கூடுகிறது, அவ்வளவுதான். மீதி மாவு வழக்கம்போலக் குளுக்கோஸ் ஆகும்.

மாவுச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு துளி அயோடின்

மருந்துக்கடையில் காயத்துக்குத் தரும் பழுப்புநிற அயோடின் கரைசல் போதும். ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் ஒரு துளி கலந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய சோறு, வேகவைத்த பனங்கிழங்குத் துண்டு, பனங்கற்கண்டு, கருவாடு ஆகியவற்றில் தனித்தனியாக ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சோறும் பனங்கிழங்கும் கருநீலமாகும். கற்கண்டிலும் கருவாட்டிலும் பழுப்பு அப்படியே நிற்கும். கற்கண்டில் கோத்த சங்கிலி கிடையாது. மீனிலோ கார்போஹைட்ரேட்டே ஏறக்குறைய இல்லை. மாவுச்சங்கிலியின் சுருளுக்குள் அயோடின் போய் உட்காரும்போது மட்டுமே அந்தக் கருநீலம் பிறக்கும்.

சோதனை பொய்த்துப் போகும் இடங்களும் உண்டு. சூடான கஞ்சியில் விட்டால் நிறம் வராது, வந்தாலும் மறையும். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியேறிவிடுகிறது. ஆறவிட்டால் நிறம் திரும்பும். எலுமிச்சைச் சாறு பட்ட சாதத்திலும் நீலம் கலையும், ஏனென்றால் சாற்றிலுள்ள வைட்டமின் சி அயோடினை நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். அயோடின் சேர்த்த உப்பைச் சோற்றில் போட்டால் ஏன் நீலமாவதில்லை என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. உப்பில் இருப்பது அயோடேட், சுருளுக்குள் புகும் வடிவம் அதுவல்ல. சோதித்த எதையும் சாப்பிடக் கூடாது.

சாரம்: மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸின் இரண்டு கோப்புகள். நம் நொதி ஒன்றை அறுக்கும், மற்றதை விட்டுவிடும். செரிக்காமல் மிஞ்சும் கூட்டுச் சர்க்கரைகளைத்தான் நார்ச்சத்து என்கிறோம்.

கடல்பாசி: காலக்டோஸின் வலை

மண்டபம், பாம்பன், ஏர்வாடி கடலோரத்தில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தருபவை. கட்டக்கோரை ஆல்ஜினேட் தருகிறது. மூங்கில் மிதவைகளில் கட்டி, சுமார் 45 நாளில் அறுவடை செய்யும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து கிடைப்பது காராஜீனன். மூன்றும் கூட்டுச் சர்க்கரைகள். அகருக்கும் காராஜீனனுக்கும் அலகு காலக்டோஸும் அதன் மாற்று வடிவமும். ஆல்ஜினேட்டுக்கு அலகு வேறு வகைச் சர்க்கரை அமிலங்கள்.

கடையில் ‘கடல்பாசி’ என்று கிடைக்கும் வெள்ளைநிற இழைகள் அகர்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போதும். அரைமணி நேரம் ஊறவைத்து, இழை ஒன்றுகூடத் தெரியாதவரை கொதிக்கவிட வேண்டும். அகர் கரைவதற்கு ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். உறைவதோ 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு. உறையும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு வலையாகி, தண்ணீரைக் கண்களுக்குள் பிடித்து வைக்கும். அந்த முறுக்கைப் பிரிக்க மறுபடியும் 85 டிகிரி வேண்டும் என்பதால் சித்திரை வெயிலில் மேசைமேல் கிடந்தாலும் உருகாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். கொதிக்கும் அகரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் கொட்டினால் பட்ட இடமெல்லாம் உடனே உறைந்து கட்டிகட்டியாகும். பாலும் சூடாக இருக்க வேண்டும். கொதிக்கும்போதே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் உறையவே உறையாது, அல்லது கொழகொழவென்று நிற்கும். பதநீரில் பார்த்த அதே நீராற்பகுப்புதான் இங்கும்: புளிப்பும் சூடும் சேர்ந்து சங்கிலியைத் துண்டாக்கிவிட்டன. இறக்கி, கொதி அடங்கிய பிறகு பிழிய வேண்டும்.

அகரை நம் நொதிகள் அறுப்பதில்லை. பாக்டீரியாக்களிலும் பெரும்பாலானவற்றால் முடியாது. 1881-ல் கிருமி ஆய்வின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேவுக்கு, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் உருகிக்கொண்டே இருந்தது. அகரைப் பயன்படுத்தச் சொன்னவர் அதைச் சமையலில் அறிந்திருந்த அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. இன்றும் ஆய்வகங்களில் கிருமியை அகர்மேல்தான் வளர்க்கிறார்கள். கடல்பாசியால் ரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை. ஏற்றுவது அதில் போடும் சீனியும் பாலும்தான்.

நண்டு ஓடும் ஒரு கார்போஹைட்ரேட்

செல்லுலோஸைப் போலவே பீட்டா பிணைப்பில் கோத்த சங்கிலி, ஆனால் ஒவ்வொரு குளுக்கோஸிலும் நைட்ரஜன் உள்ள ஒரு சிறு தொகுதி ஒட்டியிருக்கிறது. இதுதான் கைட்டின். நண்டு, இறால், பூச்சிகளின் ஓட்டிலும் காளானின் செல்சுவரிலும் உள்ளது. நண்டில் அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிந்து கல்லாக இறுகியிருக்கும்.

நீலக்கால் நண்டின் காலோட்டுத் துண்டு ஒன்றைக் கழுவி, மூழ்கும் அளவு வினிகரில் போடுங்கள். உடனே முத்துமுத்தாகக் குமிழி கிளம்பும். அந்தக் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. குமிழி அடங்கியதும் வினிகரை மாற்றி ஓரிரு நாள் விட்டால், நகத்தால் உடைக்க முடியாத ஓடு காகிதம் போல மடியும். எஞ்சியிருப்பது கைட்டினும் சிறிது புரதமும். எவ்வளவு நேரம் குழம்பில் கொதித்தாலும் அது கரைவதில்லை.

உடம்புக்குள் எவ்வளவு போகிறது

உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால் மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸை உடம்பு உடனுக்குடன் எரிக்கிறது, அல்லது கிளைக்கோஜன் என்ற கூட்டுச் சர்க்கரையாகக் கோத்து ஈரலிலும் தசையிலும் அடுக்குகிறது. அதற்கும் மேல் வருவது கொழுப்பாக மாறும். அடுக்கும் வேலை தடுமாறினால் ரத்தத்தில் சர்க்கரை தங்கிவிடுகிறது.

மாவுச்சத்தில் 100 கிராம் முழுதாகச் செரித்தால், புகுந்த தண்ணீரையும் சேர்த்து, 111 கிராம் குளுக்கோஸ் வரும். சுக்ரோஸில் 100 கிராம் பிரிந்தால் குளுக்கோஸ் சுமார் 53 கிராம், ஃபிரக்டோஸ் சுமார் 53 கிராம். எடைக்கு எடை, இனிக்காத மாவு தரும் குளுக்கோஸ் இனிக்கும் சீனி தருவதைப்போல இரண்டு மடங்கு. கருப்பட்டிக் காப்பிக்கு யோசிப்பவர் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போதும் யோசிக்க வேண்டும். எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கருப்பட்டி பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தையும் இதே கண்ணோடு படிக்கலாம். ‘சீனி சேர்க்கவில்லை’ என்ற முன்பக்க எழுத்தை விட்டுவிடுங்கள். 100 கிராமுக்கு மொத்த கார்போஹைட்ரேட் 70 கிராம், மொத்த சர்க்கரை 20, நார்ச்சத்து 6 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நார்ச்சத்தை மொத்தத்துக்குள் சேர்த்தே கணக்கிட்டிருந்தால், 70-லிருந்து 20-ஐயும் 6-ஐயும் கழிக்க வேண்டும். மிஞ்சும் 44 கிராம் பெரும்பாலும் மாவுச்சத்து, அது தருவது ஏறத்தாழ 49 கிராம் குளுக்கோஸ். 20 கிராம் சர்க்கரையும் சுக்ரோஸ் என்றால் அதிலிருந்து இன்னும் பத்தரை கிராம் வரும். ஆக 100 கிராம் பிஸ்கட்டில் குளுக்கோஸ் மட்டுமே கிட்டத்தட்ட 60 கிராம், அதிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வருவது இனிக்காத மைதாவிலிருந்து.